மெருகேற்றிய வரைவுக்கு எழுத்துப்பிழைதான் பதிலாக வரும்

கேள்வி: வணக்கம் மேடம். நான் கல்லூரி முதலாமாண்டு மாணவி. எங்கள் எழுத்துப் பயிற்சி வகுப்பில் நாலு பேர் கொண்ட குழு. ஆசிரியரிடம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரும் கட்டுரையின் டிராஃப்டைக் குழுவுக்குள் பகிர வேண்டும், மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். கருத்துச் சொல்வதற்கும் மார்க் உண்டு. யாரும் சிரித்துவிடக் கூடாது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செதுக்கித்தான் அனுப்புகிறேன். போன முறை, வருகைப்பதிவைக் கட்டாயமாக்குவது தவறு என்று எழுதினேன். ஒரு தோழி 'சூப்பர்டி' என்று மட்டும் போட்டாள். இன்னொருவர் எழுத்துப்பிழைகளும் ஒரு காற்புள்ளியும் காட்டினார். மூன்றாமவர் என் முதல் பத்தியையே தன் பாணியில் மாற்றி எழுதி வைத்துவிட்டார். எல்லாவற்றையும் சரிசெய்துதான் கொடுத்தேன். ஆனால் ஆசிரியர், 'நாலாவது பத்திக்குப் பிறகு உங்கள் வாதம் என்னவென்று புரியவில்லை' என்று எழுதி மார்க்கைக் குறைத்துவிட்டார். இதை மூன்று பேரில் ஒருவர்கூட ஏன் சொல்லவில்லை? எனக்கே சரியாக எழுத வராதபோது மற்றவர்கள் கட்டுரைக்கு நான் என்ன சொல்வது? ஒரு தோழி தன் அப்பாவின் மரணத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள். அதில் போய்க் குறை சொல்ல முடியுமா? என் யோசனையை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. என் கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

பதில்: கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உங்கள் குழுவில் யாரும் சோம்பேறி இல்லை, பொறாமைக்காரரும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். 'நான் எதுவும் கேட்கவில்லையே' என்பீர்கள். வாய் திறந்து கேட்கவில்லை, சரி. உங்கள் வரைவின் தோற்றமே கேட்டுவிட்டது.

எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்துகிற எவரும் அடிக்கடி பார்க்கிற விஷயம் இது. வரைவு எந்தக் கட்டத்தில் இருப்பதாகத் தெரிகிறதோ, அந்தக் கட்டத்துக்கு ஏற்ற கருத்துதான் வரும். தலைப்பு நடுவில் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஐந்து பத்திகளும் ஏறக்குறைய ஒரே அளவு. கடைசியில் ஓர் அழகான முத்தாய்ப்பு. இப்படி வந்து நிற்கும் கட்டுரையைப் பார்த்து, 'உன் நாலாவது பத்தி முதல் பத்தியையே கவிழ்க்கிறது' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? இவள் முடித்துவிட்டாள், கடைசியாக ஒருமுறை பார்த்துத் தரச் சொல்கிறாள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் சுவரில் பெயின்ட் விட்டுப்போன இடத்தைக் காட்டுவாரே ஒழிய, சமையலறையை இடம் மாற்றச் சொல்லமாட்டார்.

இதில் இன்னொரு சிக்கல், உங்கள் பக்கம். ராத்திரி முழுக்கச் செதுக்கிய வாக்கியத்தை மறுநாள் தூக்கிப்போட உங்களுக்கே கை வராது. 'இந்தப் பத்தியே வேண்டாம்' என்று ஒருவர் துணிந்து சொல்லியிருந்தாலும், நீங்கள் அந்தப் பத்தியில் நாலு சொல்லை மாற்றிவிட்டு வைத்துக்கொண்டிருப்பீர்கள். இது உங்கள் தனிப்பட்ட பலவீனம் இல்லை. நான்சி சாமர்ஸ் என்ற ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களும் அனுபவமுள்ள எழுத்தாளர்களும் தங்கள் கட்டுரைகளை எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். மாணவர்களுக்குத் திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது, திரும்ப வந்த சொல்லை எடுப்பது. அனுபவசாலிகள் தங்கள் வாதத்துக்கு என்ன வடிவம் என்று தேடினார்கள். முதல் வரைவை, தான் என்ன சொல்ல வருகிறோம் என்று கண்டுபிடிக்கிற இடமாக அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அதனால் பாதியை வீசிவிட்டு மறுபடி தொடங்குவது அவர்களுக்குப் பெரிய துக்கமாக இல்லை.

ஆகவே நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. அடுத்த முறை வரைவை இன்னும் சீக்கிரம், இன்னும் அரைகுறையாகப் பகிருங்கள். இரண்டு பத்தி எழுதியிருக்கலாம், மூன்றாவது பத்தி இருக்க வேண்டிய இடத்தில் 'இங்கே எதிர்த்தரப்பு வர வேண்டும், இன்னும் யோசிக்கவில்லை' என்று ஒரே ஒரு வரி இருக்கலாம். முடிவுரையே இல்லாமல் இருக்கலாம். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மற்றவர்கள் உள்ளே வர முடியும். அரைகுறை என்பதற்காக அலட்சியமாக எழுதச் சொல்லவில்லை. நீங்கள் அந்தக் கட்டுரையைப் பற்றி உண்மையாக யோசித்திருக்க வேண்டும், யோசனை எங்கே நின்றுவிட்டது என்பது பக்கத்தில் தெரிய வேண்டும்.

வரைவுக்கு மேலே ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள், மற்ற எதை விட்டாலும். நான் என்ன சொல்ல முயல்கிறேன், எங்கே எனக்கே சந்தேகம், இப்போதைக்கு எதைப் பார்க்க வேண்டாம். இவ்வளவுதான். உங்கள் கட்டுரைக்கு நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: 'வருகைப்பதிவைக் கட்டாயமாக்கக் கூடாது என்று வாதிடப் பார்க்கிறேன். நாலாவது பத்தியில் எதிர்த்தரப்பைப் பற்றி எழுதும்போது, அது சரிதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. படிக்கும்போது நான் எந்தப் பக்கம் இருப்பதாக உங்களுக்குத் தெரிகிறது? எழுத்துப்பிழையை இப்போது பார்க்க வேண்டாம், கடைசியில் நானே பார்த்துக்கொள்கிறேன்.' இந்தக் குறிப்போடு போயிருந்தால், காற்புள்ளி காட்டிய அதே நண்பர் வாதத்தைப் பற்றிப் பேசியிருப்பார். அவருக்கு அது தெரியாமல் இல்லை. சொல்ல அனுமதி இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

'நல்லா இருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு, அது உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

இப்போது உங்கள் கட்டுரைக்குள் போகலாம். ஆசிரியர் சொன்னது சரி, ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. முதல் பத்தியில், கல்லூரி மாணவர்கள் வளர்ந்தவர்கள், வகுப்புக்கு வருவதா வேண்டாமா என்று அவர்களே முடிவெடுக்கலாம் என்கிறீர்கள். இரண்டாவதில், வகுப்பில் உடல் இருந்தால் மட்டும் மனம் இருக்காது என்கிறீர்கள். மூன்றாவதில், இரவு வேலை பார்த்துவிட்டு வருகிற தோழர் ஒருவர் நன்றாகப் படித்தும் வருகை குறைந்ததால் தேர்வு எழுத முடியாமல் போனதைச் சொல்கிறீர்கள். நாலாவதில் திடீரென்று, கண்டிப்பு இல்லாவிட்டால் முதலில் நின்றுபோவது படிப்பில் பின்தங்கியவர்கள்தான் என்று எழுதுகிறீர்கள். ஐந்தாவது பத்தி எதுவும் நடக்காததுபோல முதல் பத்தியைத் திரும்பச் சொல்லி முடிகிறது.

எனக்குப் பிடித்தது அந்த நாலாவது பத்திதான். முதல் இரண்டு பத்திகளை உங்கள் வகுப்பில் யார் வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள். நாலாவதில்தான் நீங்கள் யோசிக்கத் தொடங்குகிறீர்கள். ஒரே விதி, இரவு வேலை பார்ப்பவரைத் தண்டிக்கிறது, பின்தங்கியவரைக் காப்பாற்றுகிறது. அப்படியானால் கேள்வி 'கட்டாயம் வேண்டுமா, வேண்டாமா' என்பதே இல்லை. அந்த விதி யாருக்காகப் போடப்பட்டது, யார்மீது விழுகிறது என்பது. உங்கள் உண்மையான கட்டுரை அங்கே ஒளிந்திருக்கிறது. முதல் வரைவில் பலருக்கும் இப்படித்தான் நடக்கும், முக்கியமான விஷயம் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் எங்கேயாவது தலைகாட்டும். அதை ஒருவர் பார்த்து 'இங்கே நீ விழித்துக்கொண்டாய்' என்று சொன்னால் போதும். வரைவைப் பகிர்வதில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய பயன் இல்லை.

சரி, அடுத்த கேள்வி. எனக்கே எழுத வராதபோது மற்றவர் கட்டுரைக்கு என்ன சொல்வது என்கிறீர்கள். நீங்கள் ஆசிரியரின் வேலையைச் செய்ய முயல்வதால் வரும் பயம் அது. உங்களிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. படித்தபோது உங்களுக்குள் என்ன நடந்தது என்று சொன்னால் போதும். பீட்டர் எல்போ என்ற அமெரிக்க எழுத்துப் பேராசிரியர் 1973லேயே இதைத்தான் வலியுறுத்தினார்: படிப்பவர் மதிப்பிட வேண்டாம், படிக்கும்போது மனத்தில் ஓடிய படத்தை எழுதியவருக்குக் காட்டினால் போதும். 'முதல் பத்தியில் உன்னோடு உடன்பட்டேன். இரண்டாவதில் கொஞ்சம் சலித்தது, ஏற்கெனவே கேட்டதுபோல இருந்தது. உன் தோழரைப் பற்றிய இடத்தில் கோபம் வந்தது. நாலாவதில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து படித்தேன்.' இப்படிச் சொல்ல இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'நான் குழம்பினேன்' என்பதை யாரும் மறுத்து வாதாடவும் முடியாது. குழம்பியது நீங்கள்தானே.

இதைச் சொல்லும்போது இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ஓட்டம் சரியில்லை' என்றால் எழுதியவருக்கு ஒன்றும் விளங்காது. 'மூன்றாவது பத்தியின் கடைசி வரியிலிருந்து நாலாவதின் முதல் வரிக்கு எப்படி வந்தோம் என்று தெரியவில்லை' என்றால் அவர் நேராக அங்கே போய்ப் பார்ப்பார். பாராட்டுக்கும் இதுவே பொருந்தும். 'சூப்பர்' என்பது பாசம், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. எந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று சொன்னால், எதைக் கைவிடக் கூடாது என்று எழுதியவருக்குத் தெரியும். நல்ல வரிகளைத் தெரியாமல் வெட்டிவிடுகிற மாணவர்கள் ஏராளம்.

'என்னவோ சரியில்லை, ஆனால் சொல்லத் தெரியவில்லை' என்று சில நேரம் தோன்றும். அதற்குப் பவணந்தி முனிவர் நமக்கு ஓர் உதவி செய்து வைத்திருக்கிறார். நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று ஒரு சூத்திரம் வரும். படித்திருந்தால் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். அதை எடுத்து ஒருமுறை குழுவோடு சேர்ந்து பாருங்கள், ஒவ்வொன்றும் கல்லூரிக் கட்டுரையைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது குன்றக் கூறல். ஒன்றையே திரும்பச் சொல்வது கூறியது கூறல். உங்கள் ஐந்தாவது பத்தி. முன்னுக்குப்பின் முரணாகப் பேசுவது மாறுகொளக் கூறல்; உங்கள் நாலாவது பத்தி இப்போது இருக்கும் நிலையில் அதுதான். எடுத்த பொருளை விட்டு வேறொன்றை நீட்டிக்கொண்டு போவது மற்றொன்று விரித்தல். எனக்கு எப்போதும் சிரிப்பு வருவது சென்று தேய்ந்திறுதல் என்பதற்கு. போகப்போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் முடிவது. கெடுவுக்கு முந்தைய இரவு எழுதிய எந்தக் கட்டுரையும் அப்படித்தான் முடியும். இந்தப் பெயர்களைக் குழுவுக்குள் புழங்க விட்டால் இன்னொரு லாபம் உண்டு. 'நீ சரியாக எழுதவில்லை' என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கூட, 'இங்கே கொஞ்சம் மற்றொன்று விரித்தல் தெரிகிறது' என்று தயங்காமல் சொல்லிவிடுவார். குற்றம் எழுத்தின்மேல் விழுகிறது, ஆள்மேல் விழுவதில்லை.

மற்றவருக்குக் கருத்துச் சொல்வதை மார்க்குக்கான கடமையாக நினைத்து ஒப்பேற்றிவிடாதீர்கள். 2009இல் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராம், வெண்டி பேக்கர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் 91 மாணவர்களை வைத்துச் செய்தது. ஒரு பிரிவினர் மற்றவர் கட்டுரைகளுக்குக் கருத்துச் சொல்ல மட்டும் பயின்றார்கள். இன்னொரு பிரிவினர் கருத்துகளை வாங்கித் திருத்த மட்டும் பயின்றார்கள். பருவ முடிவில் சொந்த எழுத்தில் அதிகம் முன்னேறியவர்கள் கருத்துச் சொன்னவர்கள். அதிலும் கூடுதலாகப் பயனடைந்தது தொடக்க நிலையில் இருந்தவர்கள். 'எனக்கே எழுத வராது' என்று சொல்கிறவர்களுக்காகவே செய்ததுபோல இருக்கிறதல்லவா? காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நம் கட்டுரையில் விட்டுப்போனதை நம் மனமே நிரப்பிக்கொள்கிறது, அதனால் ஓட்டை தெரிவதில்லை. அடுத்தவர் கட்டுரையில் நிரப்ப நம்மிடம் ஒன்றும் இல்லை. அங்கே ஓட்டையைப் பார்த்துப் பழகிய கண்தான் பிறகு நம் பக்கத்திலும் பார்க்கத் தொடங்குகிறது.

அப்பாவின் மரணத்தைப் பற்றி எழுதிய தோழிக்கு வருகிறேன். இங்கே நிதானம் வேண்டும், மௌனம் வேண்டாம். அவர் அதை வகுப்புக்காக எழுதியிருக்கிறார், பகிர்ந்தும் இருக்கிறார். எல்லோரும் 'கண்ணீர் வந்துவிட்டது' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், அந்தக் கட்டுரைக்கு மட்டும் வாசகரே இல்லாமல் போய்விடும். முதலில் மனிதராக ஒரு வரி சொல்லுங்கள், இதை எழுதியது எளிதாக இருந்திருக்காது என்று. அப்புறம் அவரிடமே கேளுங்கள்: 'இதைப் படித்ததாக மட்டும் சொல்லட்டுமா, அல்லது கட்டுரையாகவும் பேசலாமா?' லிஸ் லெர்மன் என்ற நடன இயக்குநர், கலைஞர்கள் ஒருவர் படைப்பை ஒருவர் பேசுவதற்கென்று ஒரு முறையை உருவாக்கினார். அதில் அபிப்பிராயம் சொல்வதற்கு முன், 'எனக்கு இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, கேட்க விருப்பமா?' என்று அனுமதி கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எழுதியவருக்கு உரிமை உண்டு. பேசலாம் என்று தோழி சொன்னால், நடந்ததைத் தொடாதீர்கள், தாளில் எழுதியிருப்பதைப் பேசுங்கள். 'மருத்துவமனை வராந்தாவில் நீ காத்திருந்த பகுதி என் கண் முன்னால் வந்தது. வீட்டுக்குத் திரும்பிய பகுதி ரொம்ப வேகமாகப் போய்விட்டது, அங்கே இன்னும் கொஞ்சம் இருக்க விரும்பினேன்' என்பதுபோல. வராந்தா என் கற்பனை, உங்கள் தோழியின் கட்டுரையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் பத்தியை மாற்றி எழுதியவர் விஷயத்துக்கு எளிய வழி இருக்கிறது. கூகுள் டாக்ஸில் பகிரும்போது அவர்களுக்கு எடிட்டர் உரிமை கொடுத்திருப்பீர்கள். அதைக் கமென்டர் என்று மாற்றுங்கள். அப்புறம் அவர் எதை மாற்றினாலும் பரிந்துரையாக மட்டும் நிற்கும், ஏற்பதும் நிராகரிப்பதும் உங்கள் கையில். ஏற்கெனவே மாற்றியதைப் பழைய பதிப்புகளில் போய்த் திரும்ப எடுக்கலாம். அவரிடம் கோபிக்க வேண்டாம், உதவுவதாக நினைத்துத்தான் செய்திருப்பார். 'நீங்கள் ஏன் மாற்றினீர்கள், படிக்கும்போது எங்கே இடறியது?' என்று கேளுங்கள். அந்தப் பதில் அவர் எழுதிய பத்தியைவிட உங்களுக்கு அதிகம் உதவும். அவருடைய வாக்கியங்களை அப்படியே வைத்துக்கொண்டு கொடுப்பது சரியில்லை; பெயர் உங்களுடையது, எழுத்தும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

கருத்துகள் வரும்போது பதிலுக்கு விளக்கம் கொடுக்காதீர்கள். 'இல்லை, நான் அங்கே சொல்ல வந்தது என்னவென்றால்' என்று தொடங்கினாலே அடுத்தவர் வாயை மூடிவிடுவார். விளக்கம் தேவைப்பட்டதென்றால் அது கட்டுரையில் இல்லை என்றுதானே பொருள்? எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், ஒருநாள் கழித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. போன முறை நீங்கள் செய்த மாதிரி வந்ததையெல்லாம் திருத்தினால் மூன்று பேர் எழுதிய கட்டுரை ஆகிவிடும். ஒரே இடத்தைப் பற்றி இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்வார்கள், ஒருவர் நீட்டு என்பார், இன்னொருவர் வெட்டு என்பார். அவர்கள் சொல்லும் மருந்து தவறாக இருக்கலாம், வலி அங்கேதான் இருக்கிறது என்பதை இருவரும் சேர்ந்து காட்டிவிட்டார்கள். அந்த இடத்துக்குப் போய், நீங்களே என்ன செய்வதென்று முடிவெடுங்கள்.

யோசனை திருடுபோகும் என்ற பயத்தை ரொம்ப வளர்க்க வேண்டாம். பகிர்ந்த கோப்பில் யார் எப்போது எதை எழுதினார்கள் என்று பதிவாகிறது, உங்கள் வரைவின் தேதி அங்கே இருக்கும். மேலும் நால்வரும் ஒரே தலைப்பில் எழுதினால் யோசனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் போகும். யாராவது சொன்ன ஒரு யோசனை உங்கள் வாதத்தையே மாற்றியிருந்தால், கட்டுரையின் முடிவில் அவருக்கு ஒரு வரி நன்றி எழுதுங்கள். வாக்கியங்களே நகலாக வேறொருவர் கட்டுரையில் வந்தால் அது ஆசிரியரிடம் போக வேண்டிய விஷயம், தயங்காமல் சொல்லுங்கள்.

'சூப்பர்டி' தோழியை விட்டுவிடாதீர்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தே?' பொய் சொல்ல மாட்டார்.

இந்தக் கட்டுரையைத் திருத்திக் கொடுக்க ஆசிரியர் அனுமதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். அனுமதித்தால், மூன்றாவது பத்தியின் தோழரையும் நாலாவது பத்தியின் பின்தங்கிய மாணவரையும் முன்னால் கொண்டுவந்து எதிரெதிரே நிறுத்தி, அங்கிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு பத்திகள் பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டு பக்கம் எழுதியதும் நிறுத்தி, மேலே சொன்ன குறிப்போடு அப்படியே குழுவில் போட்டுவிடுங்கள். முதல் ஆளாக நீங்கள் போடுங்கள். ஒருவர் அரைகுறையாகப் போட்டுவிட்டால், அடுத்த மூன்று பேருக்கும் ராத்திரி தூக்கம் மிச்சம்.